கைக்குழந்தைக்குச் சளி: பாட்டிலைத் திறப்பதற்கு முன்

மார்கழிக் கடைசியில், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் தூளி. எதிர்ச்சுவர் மாடத்தில் மருந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பாரசிட்டமால் சொட்டு மருந்து ஒன்று. மூத்தவளுக்கு வாங்கிய பாரசிட்டமால் சிரப் ஒன்று. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி சிரப். போன முறை பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக். மூக்கடைப்புக்குப் பெரியவர்கள் விட்டுக்கொள்ளும் சொட்டு. பக்கத்திலேயே உரைகல், வசம்பு, கோரோசனை மாத்திரை டப்பா, கற்பூரம் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்.

இத்தனையும் நான்கு மாதக் குழந்தை ஒன்றுக்காக. அவனுக்கு மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறான். காய்ச்சல் இல்லை. பால் குடிக்கிறான், நடுநடுவே விட்டுவிட்டு அழுகிறான்.

"நெஞ்சுல கர்ருகர்ருனு சளி இழுக்குது. பார்த்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?" என்றார் தங்கையின் மாமியார். குழந்தைக்கு அப்பாயி. நியாயமான கேள்வி. சும்மா இருக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் அந்த மாடத்தில் இருந்தவற்றில் முக்கால்வாசி, சளியைவிட அந்தக் குழந்தைக்கு ஆபத்தானவை. அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்ல முயல்கிறேன்.

அந்தக் கர்ருகர்ரு எங்கிருந்து வருகிறது

பிறந்த முதல் சில மாதங்கள் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். வாய் பால் குடிக்க, மூக்கு மூச்சு விட என்று இருந்தால்தான் மார்பில் வாயை வைத்தபடியே சுவாசிக்க முடியும். அந்த மூக்குத்துவாரம் எவ்வளவு சின்னது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் கொஞ்சம் சளி சேர்ந்தாலே காற்று உரசி சத்தம் வரும். அந்த அதிர்வு முதுகில் கை வைத்தால் தெரியும், அதனால் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று நினைக்கிறோம். மூக்கைச் சுத்தம் செய்த பிறகு சத்தம் குறைந்துவிட்டால் அது மூக்குச் சளிதான்.

மூக்கைச் சிந்தவோ காறித் துப்பவோ குழந்தைக்குத் தெரியாது. சளி தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகும். மலத்தில் வழவழப்பாக வெளியேறும், இல்லையென்றால் ஒருமுறை பாலோடு சேர்த்து வாந்தியாக வரும். வந்த பிறகு குழந்தை தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. ரைனோ வைரஸ், ஆர்.எஸ்.வி. என்று பல வகை உண்டு. ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. அண்ணனோ அக்காவோ அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போகும் வீடாக இருந்தால் கைக்குழந்தையும் தப்பாது. முதல் மூன்று நாள் ஏறும், அப்புறம் இறங்கும், ஒரு வாரம் பத்து நாளில் மூக்கு சரியாகும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். நடுவில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, உடம்பின் வெள்ளணுக்கள் வேலை செய்வதால். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது.

இருமலும் நோய் அல்ல, காவல். தொண்டைக்கு இறங்கும் சளியை நுரையீரலுக்குள் போகவிடாமல் தடுப்பது அதுதான். பச்சைக்குழந்தையின் மூச்சுக்குழலின் விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். அதன் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே பாதையில் முக்கால் பங்கு அடைந்துவிடும். பெரியவர்களுக்குத் தொண்டைக் கமறலாக முடிவது குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஆவது இதனால்தான். மருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த 4 மில்லிமீட்டரை நான் மறப்பதில்லை.

டெல்டாவின் காற்று

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வீடு மூடியே கிடக்கும். துணி காயாது. கதவைச் சாத்திவிட்டுக் கொசுவத்தி கொளுத்துவார்கள். தலைக்கு ஊற்றிய பிறகு சாம்பிராணி. மார்கழியில் பனி. தை பிறந்தால் சம்பா அறுப்பு, அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் தெருவெல்லாம் வைக்கோல் தூசி. கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்து வீடுகளில் நெல் தூற்றும் பதர் கூடம் வரை வந்து படியும். அரைக்கும் மில் பக்கம் இருப்பவர்களுக்கு உமிச் சாம்பலும் சேர்த்தி.

இவை எதுவும் சளி வைரஸை உண்டாக்காது. ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் அந்தச் சின்னப் பாதையை இன்னும் எரிச்சலாக்கும். பனியையும் மழையையும் நாம் நிறுத்த முடியாது, புகையை நிறுத்தலாம். தூளிக்குக் கொசுவலை போட்டால் கொசுவத்தி வேண்டாம். குழந்தையின் தலையை நல்ல துணியால் துவட்டினால் போதும், சாம்பிராணிப் புகையில் காட்ட வேண்டியதில்லை. வாசனையும் வழக்கமும் மனசுக்குப் பிடித்தவைதான், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் குழந்தை இருக்கும் அறையில் எந்தப் புகையும் வேண்டாம், பீடி சிகரெட் உட்பட.

இன்னொன்று, தாய் சாப்பிடும் சாப்பாடு. பிள்ளைக்குச் சளி பிடித்ததும் முதலில் தண்டனை கிடைப்பது தாய்க்குத்தான். தயிர் கூடாது, பழம் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது. தாய் சாப்பிடும் தயிரால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. சரியாகச் சாப்பிடாத தாய்தான் வாடிப்போவாள். தாய்க்கே சளி இருந்தாலும் பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அந்த வைரஸுக்கு எதிராக அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் பால் வழியாகத்தான் குழந்தைக்குப் போகிறது. கையைக் கழுவிக்கொண்டு, வாயை மூடித் துணி கட்டிக்கொண்டால் சரி.

சளி சிரப்புக்குள் என்ன இருக்கிறது

மாடத்தில் இருந்த சளி சிரப்பைத் திருப்பி லேபிளை வெளிச்சத்தில் படித்தேன். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின், பாரசிட்டமால். மூன்று மருந்து ஒரே பாட்டிலில். வேறு சிரப்களில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கும், அம்ப்ராக்சால் இருக்கும், சால்பியூட்டமால், டெர்பூட்டலின் இருக்கும். இவற்றில் எதுவும் வைரஸைக் கொல்லாது, சளி இருக்கும் நாட்களையும் குறைக்காது. கைக்குழந்தைகளுக்கு இவை பலன் தருகின்றன என்பதற்கு நல்ல சான்று இல்லை. பக்கவிளைவுகளுக்கோ சான்று நிறைய இருக்கிறது.

குளோர்பெனிரமினை எடுத்துக்கொள்வோம். அது தூக்கம் வரவைக்கும். மருந்து கொடுத்த அரை மணியில் குழந்தை அசந்து தூங்கும், வீடே நிம்மதியாகும், "மருந்து கேட்குது" என்போம். கேட்டது தூக்கம்தான், சளி அங்கேயேதான் இருக்கிறது. அசந்து தூங்கும் குழந்தை பால் குடிக்காது. சளி காய்ந்து கெட்டியாகி மூக்கு இன்னும் அடைக்கும். சில குழந்தைகளுக்கு நேர் எதிராக, தூக்கமே போய் இரவெல்லாம் வீறிட்டு அழுவார்கள். அளவு கூடினால் மூச்சே மந்தமாகலாம். பினைல்எப்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து, இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தொட்டுப்பார்க்கும். சால்பியூட்டமாலுக்குக் கை நடுக்கம், படபடப்பு. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மூளையில் இருமல் உணர்வையே அடக்கப் பார்க்கும். காவல்காரனைத் தூங்கவைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பின் சின்ன அச்சு அல்ல. மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதிகள் முதல் மாதங்களில் முழுதாக வேலைக்கு வந்திருக்காது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் முழுமை பெற ஒரு வயதுக்கு மேலும் ஆகும். அதனால் மருந்து உடம்பில் தங்கும் நேரம் அதிகம். மூத்தவளுக்குக் கொடுத்ததில் பாதி என்ற கணக்கு இங்கே செல்லாது.

இது என் சொந்தக் கருத்து அல்ல. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இரண்டு வயதுக்குக் கீழ் இத்தகைய மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்தியாவில் 2023 டிசம்பரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொன்னது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம், 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயது வரையிலும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது.

அந்த அறிவுறுத்தல் வந்த காரணத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, காய்ச்சலுக்குச் சிரப் குடித்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சிரப்பின் பெயர் கோல்ட்ரிப். தயாரானது நம் மாநிலத்தில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வு செய்தபோது எஸ்.ஆர்.13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அக்டோபரிலேயே நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. அதில் இருந்த மருந்துகள் என்னவென்றால், தங்கை வீட்டு மாடத்தில் நான் படித்த அதே மூன்றுதான். நஞ்சு கலக்காமல் இருந்திருந்தாலும் 4 வயதுக்குக் கீழே கொடுத்திருக்கக் கூடாத கூட்டு அது.

இந்த நஞ்சு எப்படி உள்ளே வருகிறது? பாரசிட்டமால் போன்றவை தண்ணீரில் எளிதில் கரையாது. கரைப்பதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற இனிப்பான திரவங்களைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் இருக்க வேண்டிய இந்தத் திரவத்துக்குப் பதிலாக மலிவான தொழிற்சாலைத் தரச் சரக்கை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் டைஎத்திலீன் கிளைக்கால் கூடவே வந்துவிடும். அதுவும் இனிக்கும், நிறமோ நாற்றமோ காட்டிக்கொடுக்காது. 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இதே நஞ்சால்தான் இறந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் நடந்தது. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகள், இந்தியாவில் தயாரான சிரப்களோடு தொடர்புபடுத்தப்பட்ட சாவு. தெரிந்த நஞ்சு, தெரிந்த காரணம், தெரிந்த சோதனை. ஆனாலும் மறுபடி மறுபடி நடக்கிறது.

வீட்டில் இதைச் சோதிக்க வழியே கிடையாது. நம் கையில் இருப்பது, தேவையில்லாத சிரப்பை வாங்காமல் இருப்பது. டாக்டர் எழுதிய மருந்தென்றால் பில்லோடு வாங்கி, பேட்ச் எண் தெரியும்படி பாட்டிலை வைத்திருப்பது. எந்தச் சிரப் குடித்த குழந்தையாக இருந்தாலும் வாந்தி எடுத்து, சோர்ந்து, சிறுநீர் குறைந்துகொண்டே போனால் மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சொட்டும் சிரப்பும் ஒன்றல்ல

பாரசிட்டமால் நல்ல மருந்து. அளவு சரியாக இருக்கும் வரை. மாடத்தில் இருந்த இரண்டு பாட்டிலையும் தங்கையின் கையில் கொடுத்து, "இதில் எது பலமானது?" என்று கேட்டேன். பெரிய பாட்டிலைக் காட்டினாள். இல்லை. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம், அதாவது 1 மில்லிக்கு 25தான். சின்ன பாட்டில் நான்கு மடங்கு பலம்.

அவன் எடை 6 கிலோ. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பாரசிட்டமாலின் பொதுவான கணக்கு. அதன்படி 75 மில்லிகிராம் என்று வையுங்கள். சிரப்பில் அது 3 மில்லி. சொட்டு மருந்தில் முக்கால் மில்லி. சிரப்பின் 3 மில்லியை மனசில் வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் சொட்டு மருந்தை 3 மில்லி ஊற்றினால் 300 மில்லிகிராம் உள்ளே போகும். ஒரு ராத்திரியில் இரண்டு முறை அப்படி நடந்தால் கல்லீரலுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 250 மில்லிகிராம் என்று அச்சிட்ட சிரப்பும் கடையில் உண்டு, அது வேறு கணக்கு. இதற்கு மேல் சளி சிரப்புக்குள்ளும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவு.

அதனால் பாலாடையில் அரை, கால் என்று ஊற்றும் பழக்கம் மருந்துக்கு வேண்டாம். பாலாடை பாலுக்கு. மருந்துக்கு அந்தந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பர் அல்லது ஊசி இல்லாத சிரிஞ்ச். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொன்றில் போடக் கூடாது. டாக்டரிடம் "எத்தனை மில்லி" என்று மட்டும் கேட்காதீர்கள், "எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி" என்று கேளுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தை காலண்டர் தாளில் எழுதிவையுங்கள், அப்பாயி ஒரு முறை அம்மா ஒரு முறை என்று இரட்டிப்பாகாது. காய்ச்சல் இல்லாத சளிக்குப் பாரசிட்டமாலே தேவையில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் வேலையே கூடாது, உடனே டாக்டர்.

காய்ச்சல் சட்டென்று இறங்குகிறது என்று மெபனாமிக் ஆசிட் சிரப்பை நம்பும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு அது கூடாது. கடுமையான தோல் தடிப்போடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒரு ஒவ்வாமையை அது உண்டாக்கலாம் என்று 2023 நவம்பரில் இந்திய பார்மகோபியா ஆணையமே எச்சரித்தது. மழைக்காலம் டெங்கு காலமும்கூட, அப்போது மெபனாமிக் ஆசிட், ஐபுபுரூபன் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழ் கொடுப்பது 2011-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆஸ்பிரினும் குழந்தைகளுக்கு ஆகாது. பெரியவர்களின் மூக்கடைப்புச் சொட்டு, சைலோமெட்டசோலின் வகை, கைக்குழந்தை மூக்கில் விழுந்தால் உடம்பெல்லாம் பரவித் தூக்கமும் மூச்சு மந்தமும் வரலாம். அதையும் மாடத்திலிருந்து எடுத்தேன்.

ஆன்டிபயாடிக் பாட்டிலுக்கு வருவோம். நிமோனியா, காதுச் சீழ் போன்றவற்றுக்கு டாக்டர் எழுதினால் அது உயிர் காக்கும் மருந்து, பாதியில் நிறுத்தக் கூடாது. சாதாரணச் சளிக்கு அது எதுவும் செய்யாது. பொடியாக வரும் சிரப்பில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்குகிறோம். கலக்கிய பிறகு பெரும்பாலும் ஒரு வாரம்தான் அதற்கு ஆயுள். போன மாதம் கலக்கியதை இந்த மாதம் கொடுப்பது வீண், ஆபத்தும்கூட. ஆன்டிபயாடிக் எடுக்கும் குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளகிப் போகலாம், தொடை இடுக்கில் சிவக்கலாம், நாக்கில் தயிர்போல வெள்ளை படியலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டியவை, ஆனால் பதற வேண்டியவை அல்ல. மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு கண் வீக்கம், மூச்சு இழுப்பு வந்தால் அது அவசரம். மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் எழாத தூக்கம், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, இவையும் அப்படித்தான்.

மருந்தால் இப்படி ஏதாவது நேர்ந்தால் அதைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. 2010 முதல் நடக்கும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண். டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, பெற்றோரும் சொல்லலாம். மோசமான ஒரு பேட்ச்சை முதலில் கவனிக்கக்கூடியவர்கள் அதைக் கொடுத்த வீட்டுக்காரர்கள்தானே.

உரைகல் பக்கம்

அப்பாயியின் மருந்துகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. எங்கள் அம்மாச்சி கையால் உரைமருந்து குடித்து வளர்ந்தவள் நான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பது சிரப்புக்கு மட்டுமல்ல, உரைகல்லுக்கும்தான். ஜாதிக்காய் மயக்கம் தரும். வசம்பில் இருக்கும் அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கவே தடை. கோரோசனை மாட்டுப் பித்தப்பையில் உண்டாகும் கல். டப்பாவில் இருக்கும் மாத்திரையில் அது எவ்வளவு, கூட என்னென்ன என்று லேபிளில் தேடினேன், எழுதியிருக்கவில்லை. கல்லில் எத்தனை உரசு உரசினோம் என்பதுதான் அளவு, அது ஒவ்வொரு கைக்கும் மாறும்.

தேன் தனி விஷயம். பிறந்த குழந்தை நாக்கில் சேனை வைப்பதிலிருந்து மாத்திரையைத் தேனில் குழைப்பது வரை நம் வீடுகளில் அது இருக்கிறது. தேனில் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்கு மேல் குடல் அவற்றைச் சமாளித்துவிடும். அதற்கு முன் அவை குடலிலேயே முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகை மெலிந்து, பால் உறிஞ்சும் பலம் போய், தலை துவண்டுவிடும். ஒரு வயது வரை நக்கக்கூடத் தேன் வேண்டாம்.

கற்பூர எண்ணெயையும் அப்படியே சொல்வேன். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், கைக்குழந்தைக்கு வலிப்பு வரவைக்கக்கூடியது. நெஞ்சில் தேய்க்கும் தைலங்களும் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, இந்த மூன்றும் கண்டிப்பாக வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியா ஆகும். கொதிக்கும் சட்டியை வைத்து ஆவி காட்டும்போது கைதவறி வெந்துபோன குழந்தைகளும் உண்டு.

ஆனால் அப்பாயியிடம் இருந்த சிறந்த மருந்து மாடத்தில் இல்லை. ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். நிமிர்ந்திருந்ததால் சளி இறங்கியது, மூச்சு இலகுவானது, அவன் தூங்கினான். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டியதும் அவர்தான். அந்தக் கைகளுக்கு வேறு வேலை கொடுத்தால் போதும்.

செய்ய வேண்டியது

மெடிக்கலில் குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். சலைன் நாசி சொட்டு என்று கேளுங்கள், உள்ளே உப்பும் தண்ணீரும் தவிர வேறு மருந்து இல்லாததாக லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. ஒரு நிமிடம் பொறுங்கள், சளி இளகும். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் திரியாகத் திரித்து மூக்கு வாசலில் வைத்தால் சளியை உறிஞ்சிக்கொள்ளும். ஆழமாக உள்ளே விட வேண்டாம், பட்ஸ் குச்சியும் வேண்டாம். தூங்கவைக்கும் முன்பும் இதையே செய்யுங்கள். அன்று தங்கை செய்தபோது அவன் இரண்டு தும்மல் போட்டான், கெட்டியாக ஒரு கொத்து வந்து விழுந்தது. அடுத்த முறை பத்து நிமிடம் விடாமல் பால் குடித்தான்.

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். உறிஞ்ச முடியாவிட்டால் பீய்ச்சி, பாலாடையில் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் தண்ணீரோ வெந்நீரோ தேவையில்லை. நாளைக்கு ஆறு முறையாவது துணி நனைந்தால் நீர்ச்சத்து போதுமானது. மல்லாக்கப் படுக்கவையுங்கள், தலைக்குத் தலையணை வேண்டாம்.

பிறகு, எண்ணுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது அல்லது தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைச் செல்போனில் நேரம் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, மூக்கு நுனி விரிவது, உதடு நீலம் பாய்வது, பால் குடிக்காதது, வலிப்பு, துவண்டு கிடப்பது, இருமி இருமி மூச்சு நின்று முகம் கறுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்தில் கோளாறுள்ள குழந்தை, இரண்டு மாதம் நிறையாத குழந்தை என்றால் சாதாரணச் சளிக்கே ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போடும் ஊசியில் கக்குவான் இருமலுக்கும், நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கும் தடுப்பு இருக்கிறது. நிமோகாக்கல் நிமோனியாவுக்கான ஊசி 2021 முதல் தமிழ்நாட்டில் அரசே இலவசமாகப் போடுகிறது, 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நர்சம்மாவிடம் சளி இருப்பதைச் சொல்லுங்கள், அவர் பார்த்துச் சொல்வார்.

அன்று ராத்திரி அப்பாயியிடம் எண்ணிக் காட்டினேன். அப்புறம் அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழந்தையின் வயிற்றில் பார்வையை வைத்து, வாய்க்குள் எண்ணினார். நான் நேரம் பார்த்தேன். "நாப்பத்தி நாலு" என்றார். சொல்லிவிட்டு விலாப் பக்கமும் குனிந்து பார்த்தார், குழி விழவில்லை. மூன்று நாளும் காலையிலும் இரவிலும் எண்ணிக் காலண்டர் தாளில் எழுதிவைத்தார். மூக்கு ஒன்பதாம் நாள் சரியானது. இருமல் பதினெட்டு நாள் இருந்தது.